மரம் உட்கார்ந்த செவ்வாய்க்கிழமை

சுள்ளிமேட்டு ஆயா மரம் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று சொல்லிக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். ஊரிலிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் விசைத்தறிகளும் ஒன்றாக வாய் மூடிக்கொண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஊர் வேற்றூராகத் தெரிகிற அந்த அமைதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருநூறு வருஷமாக நின்றுகொண்டிருந்த மரம் முதலில் தெற்குக் கிளையைத் தொட்டியின் தூண்மேல் ஊன்றிக்கொண்டது, பிறகு வலப்பக்கத்துப் பெரிய வேரை மடக்கப் பார்த்து முடியாமல் நீட்டிவிட்டது, பிறகு இடப்பக்கத்து வேரை மெல்ல மடக்கி, பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, அடிமரத்தை மண்ணில் இறக்கி வைத்தது. தறிகள் ஓடியிருந்தால் ஒருவருக்கும் கேட்டிருக்காது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், "காலு முடீல போல," என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார்.

மயிலாத்தா அப்போது ஈஸ்வரமூர்த்தியின் தறிக்குடோன் வாசலில் தூக்குப்போசியைத் திறந்து கம்மங்கூழைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குடோனில் இருபத்தொன்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவள், வயது நாற்பத்தேழு. மரம் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அவள் போசியைக் கீழே வைத்துவிட்டாள், ஏனென்றால் கையைச் சுவரில் ஊன்றி, வலது காலை நீட்டி, இடது காலை மடக்கி, பாதியில் நின்று மூச்சு வாங்கி உட்காருவது ஊரில் ஒரே ஒருத்தியின் வழக்கம், அந்த ஒருத்தி அவள்தான். மூன்று வருஷமாக அப்படி உட்கார வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. தன் நோவு எங்கே போயிற்று என்று அந்த மூன்று வருஷமும் அவள் கேட்டுக்கொண்டதும் இல்லை.

அதற்கு முன்பு அவளிருந்த இருப்பை ஊரே அறியும். ஆறு தறிக்கு ஓர் ஆள் என்பது சுள்ளிமேட்டுக் கணக்கு. ஆறுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் நடந்தும் நின்றும், குறுக்கு நூலான ஊடை தீர்ந்த தறிக்கு ஊடை மாற்றியும், இழை போன தறிக்கு இழை முடிந்தும் காலம் போனதில் அவளுடைய முழங்கால் இரண்டும் பனங்காயாக வீங்கி, மழை வரப்போவதை வானொலிக்கு முன்னால் சொல்லத் தொடங்கின. காலையில் எழுந்து நிற்பதற்குள் அரைமணி நேரம் அழுவாள். ஈஸ்வரமூர்த்தி கெட்டவரில்லை, ஆனால் தறி நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருநாள் கூப்பிட்டு, "மயிலாத்தா, ஆடி நோம்பியோட நின்னுக்க, உன்னைய வெச்சுட்டு நானும் எத்தன நாளைக்குத் தள்ளறது," என்றார். ஆடிப் பண்டிகையோடு நின்றுகொள் என்றால் வேலையை விட்டுவிடு என்று பொருள். நிற்க முடியாதவளைப் பார்த்து நின்றுகொள் என்கிறாரே என்று அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அந்த வாரத்துச் சந்தைக்குத்தான் ஒலிபெருக்கி கட்டிய ஒரு வேன் வந்தது. அதிலிருந்த வைத்தியர் ஆளைக் காட்டாமல் குரலை மட்டும் காட்டினார். உங்க ஊர் ஆயா மரத்தோட அருமை உங்களுக்குத் தெரியாது என்று ஆரம்பித்தார், அது உண்மையும்கூட. சாம்பல் பட்டை, கசக்கினால் நாறுகிற இலை, பங்குனி பிறந்தால் காகிதப் பொட்டுப்போல விதைகளைப் பறக்கவிட்டு நெய்கிற துணியிலெல்லாம் ஒட்டவைக்கும் தொந்தரவு, இவ்வளவுதான் அந்த மரத்தைப் பற்றி ஊருக்குத் தெரியும். வைத்தியர் சொன்ன முறை இது: நோவு இருக்கிற இடத்தில் மூன்று நாள் ஒரு நூலைக் கட்டியிருக்க வேண்டும், நாலாம் நாள் அந்த நூலை மரத்தில் கட்டி, எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்டு, வடக்குப் பக்கம் கையகலம் பட்டையை உரித்து, அதற்கு மேல் கூடாது, அதை இடித்து எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைத்துக் காலையில் அரை டம்ளர் குடித்து, மீதியை அரைத்து வீக்கத்தில் பற்றுப் போட வேண்டும், நாற்பத்தெட்டாம் நாள் நூலை அறுத்துவிட்டு, மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு பல்வலிக்கு ஏதோ தைலத்தை விற்றுவிட்டு வேன் கிளம்பிப் போயிற்று. அது மறுபடி அந்தச் சந்தைக்கு வரவே இல்லை.

மயிலாத்தாவின் முழங்கால் நூலை மரத்தில் கட்டியவன் அவள் புருஷன் செங்கோட்டுவேலு. அவன் பாவு பிணைக்கிறவன், பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். ஒரு தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏறும்போது பழையதின் இழைமுனை ஒவ்வொன்றையும் புதியதின் முனையோடு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கி ஒட்டவைப்பது அவன் தொழில். ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை, நாலாயிரம் முறுக்கு. அவன் கட்டிய நூல் காற்றுக்கும் மழைக்கும் அவிழாது. மயிலாத்தா கஷாயத்தைக் குடித்தாள், பற்றுப் போட்டாள், இருபதாம் நாள் காலையில் அழாமல் எழுந்து நின்றாள், முப்பதாம் நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அதற்கப்புறம் ஆடி நோம்பி வந்தது, போயிற்று, நின்றுகொள்ளச் சொல்ல ஈஸ்வரமூர்த்திக்கு வாய் வரவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் ஒரு குடம் தண்ணீரோடும் சின்னக் கத்தரியோடும் அவள் மரத்தடிக்குப் போனாள். கூட வந்த செங்கோட்டுவேலு கத்தரியைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"நூல அறுக்கோணும்னு சொன்னாருங்களே," என்றாள் அவள்.

"அவரு எந்த ஊருக்காரரோ. நம்ம கையால அறுக்கறதா? முடிஞ்ச நூல?"

சுள்ளிமேட்டில் அறுக்கிற பழக்கம் கிடையாது. முடிச்சின் வாலைக் கத்தரிக்கலாம், முடிந்த நூலின்மேல் இரும்பு படக்கூடாது. இழை அறுந்துவிட்டது என்றுகூட அங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள், இழை போச்சு என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தாலிக்கயிறு பழசானால் புதுசை அதோடு முடிந்த பிறகுதான் பழசை உருவுவார்கள். அறுந்ததை முடிந்து முடிந்தே நாலு தலைமுறையாகச் சோறு தின்றவர்கள், தாங்களே முடிந்த ஒரு நூலைப் போய் அறுப்பார்களா? மயிலாத்தா தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அதோடு, நூலை அறுத்தால் நோவு திரும்பிவிடுமோ என்கிற பயமும் அவளுக்கு இருந்தது, அதை அவள் வெளியே சொல்லவில்லை.

அவளைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரி வந்தாள், அவளைப் பார்த்து அவள் மாமியார், பிறகு பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், டெய்லர், ஏழாம் வார்டு முழுவதும். முழங்காலோடு நிற்காமல் கழுத்து, இடுப்பு, தோள்பட்டை, குதிகால் என்று நோவு உள்ள இடமெல்லாம் நூல் கட்டினார்கள். ஒரு வருஷத்தில் அடிமரம் தெரியாத அளவுக்கு நூல் சேர்ந்து, காற்றில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளத் தொடங்கியது. செங்கோட்டுவேலுவால் சிக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தொங்குகிற முனைகளை ஒன்றோடொன்று பிணைத்து, மரத்தைச் சுற்றி ஒரே பாவாக ஓட்டிவிட்டான். நாலாயிரத்து இருநூறு இழை, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊர் அதைப் பார்த்து, "செங்கோட்டுவேலு கைன்னா கைதான்," என்றது.

அந்த இரண்டு வருஷம் சுள்ளிமேடு நன்றாக வாழ்ந்தது. மலைக்கோயிலுக்கு வேனில் போய் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள் ஆயிரத்து இருநூறு படியையும் ஏறிப் போய், இறங்கி வந்து, பிரசாதத்தை மறந்துவிட்டோம் என்று மறுபடி ஏறினார்கள். கல்யாணப் பந்தியில் மேஜையை எடுத்துவிட்டுப் பாயை விரித்தார்கள். கால் மடக்க முடியாதவர்களுக்கென்று ஹார்டுவேர் கடைக்காரர் இறக்கிவைத்திருந்த நாற்பது வெள்ளைக் கக்கூஸ் பேசின்களைக் கேட்க ஆளில்லாமல், அவற்றில் அவர் ரோஜாச்செடி வைத்தார். தறிக்காரர்கள் ஆறு தறிக்குப் பதில் எட்டு ஓட்டினார்கள். ஈஸ்வரமூர்த்தி ஊராட்சித் தலைவராகவும் ஆனார். அவருடைய கால் பெருவிரலிலும் ஒரு நோவு இருந்தது, அதற்கான நூலும் மரத்தில் இருந்தது.

பக்கத்து டவுன் மருந்தியல் கல்லூரியிலிருந்து ஷர்மிளா பானு என்கிற ஆராய்ச்சி மாணவி ஒரு பை நிறைய சீசாக்களோடு வந்தாள். பட்டையில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் ஒரு சாறு, சாராயத்தில் ஒரு சாறு இறக்கி, எலிகளின் வீங்கிய பாதத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மயிலாத்தாவிடம் வந்து சொன்னாள்.

"வீக்கத்தக் குறைக்கிற சத்து இருக்கும்மா. எலிக்குப் பாதிக்குப் பாதி குறையுது. மனுசங்களுக்கு எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது, இன்னும் நிறைய பாக்கணும்."

"எனக்குப் பாதி இல்லீங்க கண்ணு, மொத்தமும் போயிருச்சு."

"அதான் எனக்குப் புரியல. பட்டை பாதிய எடுத்துருது, சரி. மீதிப் பாதி எங்க போகுது?"

செங்கோட்டுவேலு மரத்தைச் சுற்றியிருந்த பாவைக் காட்டினான். ஷர்மிளா பானு அதை நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய படிவத்தில் நூலுக்கென்று ஒரு கட்டம் இல்லை, ஆகவே எழுதிக்கொள்ளவில்லை.

மரம் அதற்குள்ளேயே மாறிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைக்கு முந்தின நாள் தவறாமல் முனகும். காற்றே இல்லாதபோது ஒருபக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் சாயும், கால் மாற்றி நிற்கிற பஸ் பிரயாணிபோல. மாசியில் உதிர வேண்டிய இலையைக் கார்த்திகையிலேயே உதிர்த்தது. ஊர் இதையெல்லாம் பார்த்தது, முனகலைக் கேட்டுத் துணி உலர்த்துவதைத் தள்ளிப்போட்டது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

உட்கார்ந்த மரத்தோடு வாழ்வதற்கு ஊருக்கு ஒரு வாரம் பிடித்தது. பஸ் திரும்புகிற இடத்தில் மரம் காலை நீட்டியிருந்ததால் டிரைவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்த் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை நாள் நிழல் கிடைக்காத பஞ்சர் கடைக்கு நிழல் கிடைத்தது, டீக்கடைக்கு வெயில் வந்தது, இருவரும் கடையை மாற்றிக்கொண்டார்கள். காக்கைகள் கூடு தாழ்ந்துவிட்டதென்று மூன்று நாள் கத்திவிட்டு, பூனையோடு ஏதோ உடன்பாட்டுக்கு வந்தன. கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைக் கொண்டுவந்து, நிற்கும் மரம் என்று எழுதுவதா விழுந்த மரம் என்று எழுதுவதா என்று மேலே கேட்டு எழுதினார். உட்கார்ந்த மரம் பற்றி விதி எதுவும் இல்லை, உங்கள் விருப்பம்போல் செய்யவும் என்று பதில் வந்தது. எழுந்தால் எழட்டும், இருந்தால் இருக்கட்டும் என்று ஊர் விட்டிருக்கும். தொட்டியின் தூண்தான் விடவில்லை. மரத்தின் கை ஊன்றிய இடத்தில் அது விரிசல் விட்டது.

ஈஸ்வரமூர்த்தி மரத்தடியில் கூட்டம் போட்டார். "தூணு போனா தொட்டி போகும், தொட்டி போனா ஊருக்குத் தண்ணியில்ல. வர்ற திங்கக்கிழம ரம்பம் வருது," என்றார்.

"மரத்த வெட்டிப்போட்டா எங்க நோவெல்லாம் எங்கீங்க போகும்?" என்று பரோட்டா மாஸ்டர் கேட்டார்.

அதை அதுவரை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஷர்மிளா பானு மரத்தின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, உள்ளே பச்சையாகத்தான் இருக்கிறது, கையகலத்துக்கு மேல் ஒருவரும் உரிக்கவில்லை, வளைத்து உரித்திருந்தால் செத்திருக்கும், இதற்கு வியாதி ஒன்றும் இல்லை என்றாள். பிறகு தயங்கி, "அந்த வைத்தியர் நூல அறுக்கச் சொன்னாருன்னு சொன்னீங்களே," என்றாள். ஊர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கூட்டமும் அதோடு கலைந்தது.

மயிலாத்தாவுக்கு அந்த வாரம் வேலை ஓடவில்லை. தினமும் காலை ஆறு மணிச் சங்குக்கு மரம் எழுந்திருக்கப் பார்க்கும். கிளையைத் தூணில் அழுத்தி, இடது வேரை உதறி, ஒரு முழம் எழுந்து, முடியாமல் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கும். குடோனுக்குப் போகிற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள், அவளால் மட்டும் பார்க்க முடியவில்லை. அந்த முதல் முழத்துக்கு எவ்வளவு நோகும் என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை அவள் வெட்கப்பட்டாள், வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்கிற அளவுக்கு. தன் நோவைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்க, தான் எட்டுத் தறி ஓட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு என்ற நூல அறுத்துப்போடறனுங்க," என்றாள் சோறு போடும்போது.

செங்கோட்டுவேலு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அறுத்தா உன்ற காலு போச்சு. காலு போனா தறி போச்சு. மொதலாளி இந்தத் தடவ ஆடி வரைக்கும் பாத்துட்டிருக்க மாட்டாரு."

"தெரியுமுங்க."

"ஒருத்தி அறுத்தா மரம் எந்திரிச்சிருமா? நாலாயிரத்து எரநூறு இருக்குது."

"என்ற கனம் எனக்குத் தெரியும். அதயாச்சும் எறக்கி வெக்கறேன்."

"வேண்டாம் புள்ள," என்றான் அவன். பிறகு, அவன் கெஞ்சிப் பழக்கமில்லாதவன், "வேண்டாமே," என்று இன்னொரு முறை சொன்னான். அவன் இந்த அளவுக்குப் பயப்படுவானேன் என்று அவள் நினைத்தாள், நூலின்மேல் இரும்பு படுவதைப் பற்றிய பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், குடத்தோடும் கத்தரியோடும் அவள் மரத்தடிக்குப் போனாள். அவளுடைய நூல் மஞ்சள், முதல் நூல், எல்லாவற்றுக்கும் அடியில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடந்தது. டீக்கடையிலிருந்தவர்கள், பஞ்சர் கடையிலிருந்தவர்கள் என்று இருபது பேர் கூடிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. அவள் தூணில் முதுகைக் கொடுத்துக்கொண்டாள், விழுந்தால் மண்டை உடையக்கூடாதே என்று. மரத்தைப் பார்த்து, "எடுத்துக்கறேன்," என்றாள், மூன்று வருஷத்துக்கு முன்பு பட்டைக்குக் கேட்ட அதே வார்த்தை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள்.

முழங்காலுக்குக் காத்திருந்தாள். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கத்தரி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. இரண்டு கையிலும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நெருப்புச் சுட்டதுபோல ஆரம்பித்து முழங்கைவரை ஒரு நோவு ஏறியது. இதுவரை அவள் அறியாத நோவு, மற்ற மூன்று விரலைத் தொடாத நோவு. அந்த இரண்டு விரலை மட்டும் தேய்க்கிற தொழில் சுள்ளிமேட்டில் ஒன்றுதான் இருக்கிறது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடித்துப் பழகி, நோவை மரத்தில் கட்டிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடாத மனுஷனை அவள் நினைத்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லித் தினமும் வந்து நிற்கிற மனுஷனை, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் கொஞ்சல் பாருங்கள் என்று தறிக்காரிகளிடம் அவள் சொல்லிச் சிரித்த மனுஷனை நினைத்தாள். அறுந்த மஞ்சள் நூலின் முனையைப் பார்த்தாள். அதோடு பிணைத்திருந்தது ஒரு வெள்ளைப் பாவு நூல், பிணைத்த இடமே தெரியாத பிணைப்பு.

மரம் வலது வேரை நாலு விரற்கடை உள்ளே இழுத்துக்கொண்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் செங்கோட்டுவேலு சட்டைப் பொத்தானைப் போடாமல் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான்.

"கையி நோவுதுங்க," என்றாள்.

அவன் நின்றுவிட்டான்.

"எத்தன வருசமா?"

"இருக்கும், ஒரு பதினஞ்சு."

"என்றகிட்டச் சொல்லல."

"நீ கால வெச்சுட்டு அழுதுட்டிருந்த," என்றான். "ரெண்டு பேரும் அழுதுட்டு உக்காந்தா அடுப்பு ஆரு பத்த வெக்கறது."

மயிலாத்தாவுக்கு அழுகை வந்தது. நோவுக்கு அழுகிறாளா, அவனுக்கு அழுகிறாளா என்று கூடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. செங்கோட்டுவேலு கீழே கிடந்த கத்தரியைக் குனிந்து எடுத்தான். முடிந்த நூலின்மேல் வாழ்நாளில் இரும்பு படவிடாதவன், தன் வெள்ளை நூலைக் கட்டியிருந்த முடிச்சைத் தேடிப் பிடித்து, ஊர் பார்க்க, அறுத்தான்.

அடுத்த கணம் அவன் தூணைப் பிடித்தான். வலது காலை மடக்கப் பார்த்து முடியாமல் நீட்டினான், இடது காலை மெல்ல மடக்கினான், பாதியில் நின்று மூச்சு வாங்கினான், பிறகு மரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். இரண்டும் ஒரே உட்காரல் என்று சிரிக்க வாயெடுத்த பரோட்டா மாஸ்டர் சிரிக்கவில்லை. செங்கோட்டுவேலு நிமிர்ந்து பொண்டாட்டியைப் பார்த்தான்.

"இதைய வெச்சுட்டா நீ ஆறு தறி ஓட்டுன?"

அவள் கொண்டுவந்த குடத்தை முழங்கையால் சாய்த்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

திங்கட்கிழமை ரம்பம் வந்தது, மரத்தடியில் கத்தரியோடு வரிசை நின்றிருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. முனைக்கு முனை பிணைத்திருந்ததால் ஒருவருக்கும் அவரவர் நோவு கிடைக்கவில்லை. டெய்லரின் கழுத்து கண்டக்டருக்குப் போயிற்று, கண்டக்டரின் குதிகால் பரோட்டா மாஸ்டருக்கு, மாஸ்டரின் தோள்பட்டை ஒரு மாமியாருக்கு. அந்த அம்மாள் மறுநாளிலிருந்து மாஸ்டர் மாவு பிசைவதைக் குறை சொல்வதில்லை. ஈஸ்வரமூர்த்தியின் பெருவிரல் ஒரு தறிக்காரிக்குக் கிடைத்தது. "வாரத்துக்கு ரெண்டு நாளுதானுங்க நோவுது, இதுக்கா இந்த மனுசன் இத்தன கூப்பாடு போட்டாரு," என்றாள் அவள். அந்தத் தறிக்காரியின் இரண்டு முழங்காலும் ஈஸ்வரமூர்த்திக்கு வந்தன. அவர் பதினாறு நாள் குடோனுக்கு வரவில்லை. வந்த அன்று, தறிக்கு ஒன்றாக முக்காலி செய்யச் சொல்லி ஆசாரிக்கு ஆள் விட்டார், எட்டு மறுபடி ஆறாயிற்று, அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் ரோஜாச்செடிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார்.

நாற்பத்துநாலாம் நாள், கரண்ட் இல்லாத இன்னொரு செவ்வாய்க்கிழமை, மரம் எழுந்து நின்றது. கிளையைத் தூணிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். முழுக்க நேராக நிற்கவில்லை, இன்றைக்கும் வடக்கே ஒரு சாய்வு இருக்கிறது. நூல் கட்டிய பிறகு இறந்துபோனவர்கள் ஏழு பேர். அவர்களுடைய நூலை அறுக்க ஆளில்லை, அந்த ஏழு நூலில் உள்ள நோவை மரம் வைத்துக்கொண்டிருக்கிறது. அது போகட்டும் என்று கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் நிற்கும் மரம் என்றே எழுதினார்.

மயிலாத்தா கால் நன்றாக இருப்பதால் தறி ஓட்டுகிறாள், இழை போனால் முடிவதற்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். செங்கோட்டுவேலு விரல் நன்றாக இருப்பதால் பாவு பிணைக்கிறான், காலை நீட்டிப் போட்டுக்கொண்டு. சட்டைப் பொத்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். அவள் ரவிக்கைக் கொக்கியையும் அவனே போட்டுவிடுகிறான். சாயங்காலம் பட்டையை அரைத்து அவன் முழங்காலுக்கு அவள் பற்றுப் போடுவாள், அவள் விரலுக்கு அவன் போடுவான். எங்கே நோகிறது, எந்த இடத்தில் அழுத்தக்கூடாது என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஷர்மிளா பானு சொன்னதுபோலப் பாதிக்குப் பாதி குறைகிறது, மீதிப் பாதி இருக்கிறது.

பட்டைக்காகக் கட்டுகிற நூலை நாற்பத்தெட்டு நாளைக்கு ஒருமுறை அறுக்கப் போகிறார்கள், தவறவிடுவதில்லை. குடத்தை அவளால் தனியாகத் தூக்க முடியாது, விரல் விடாது; அவனால் தனியாக நடக்க முடியாது, கால் விடாது. ஆகவே ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தச் சிந்தத் தெருவைத் தாண்டிப் போகிறார்கள். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்கள். மரம் அவசரப்படாமல் காத்திருக்கும், அதுவும் பாதியில் நின்று மூச்சு வாங்கியதுதானே.